குளத்தைச் சுற்றி ஒரு பல்கலைக்கழகம்

பணியின் பொருட்டு வெளியூர் செல்வோர் பெட்டியில் எல்லாவற்றையும் கவனமாக அடுக்கிக்கொள்கின்றனர். சட்டைகள், மருந்து மாத்திரைகள், கைப்பேசிக்குரிய சார்ஜர், அடையாள அட்டை, வழியில் படிக்க ஒரு புத்தகம் என எதுவும் விடுபடுவதில்லை. வீட்டிலேயே தங்கிவிடுவது ஒன்றே ஒன்றுதான். அது காலை நடை. உள்ளூரில் பல மாதங்கள் முயன்று கைவரப்பெற்ற பழக்கம், மூன்று நாள் பயணத்தில் அறுந்துபோகிறது. ஊர் திரும்பிய பின்னர், 'நாளை முதல் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் சொல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகக் கூற இயலாது. புதிய ஊரில் எந்தத் தெரு எங்கே போகும் என்பது தெரியாது. இருபது நிமிடம் ஒரே திசையில் ஓடிவிட்டால், திரும்பி வரும் வழி சரியாக அமையுமா என்னும் ஐயம் எழும். பயிற்சி வகுப்போ கூட்டமோ ஒன்பதரை மணிக்குத் தொடங்கிவிடும். இத்தனை தயக்கங்களுக்கும் ஒரே விடையாக அமைவது சுற்றுப்பாதை. தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதையில் வழி தவறுவதற்கு இடமில்லை. நேரம் குறைவாக இருந்தால் ஒரு சுற்றுக் குறைத்துக்கொள்ளலாம். உடல் ஒத்துழைத்தால் ஒரு சுற்றுக் கூட்டிக்கொள்ளலாம். எந்நேரமும் புறப்பட்ட இடத்திலிருந்து நாம் அரைச் சுற்றுத் தொலைவுக்கு மேல் விலகியிருப்பதில்லை.

அலுவல் நிமித்தம் கொல்கத்தாவிற்குச் சென்ற நாள்களில் அத்தகைய பாதை ஒன்றை நான் அறிந்துகொண்டேன். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு எதிரே, கல்லூரிகள் சூழ்ந்திருக்கும் ஒரு குளத்தின் கரை அது. வங்கப் பயணம் மேற்கொள்ளும் வாடிக்கையாளர் எவருக்கும் அப்பாதை பயன்படும் என்பதால் இங்கு அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

சுற்றி வருதல் நமக்குப் புதிதன்று

சுற்றுப்பாதை என்றதும் ஏதோ மேலைநாட்டு உடற்பயிற்சி முறை என்று எண்ண வேண்டியதில்லை. கோயில் பிராகாரத்தை வலம் வரும் வழக்கம் நம்மிடம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. அப்பாதையில் எட்டுத் திசைகளுக்குமாக எட்டு லிங்கங்கள் அமைந்துள்ளன. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் என ஒவ்வொன்றாகக் கடக்கும் அடியவர், எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறிந்துகொள்கிறார். குறியிடப்பட்ட சுற்றுப்பாதைக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

குறியின் பயன் அதுதான். முடிவு தெரியாத தூரம் களைப்பைத் தருகிறது. பகுத்துக் காட்டப்பட்ட தூரம் ஊக்கத்தைத் தருகிறது. மொத்தக் கடன் தொகையைக் கண்டு மலைப்பவர், அதையே மாதத் தவணைகளாகப் பிரித்துக் காட்டும்போது நிம்மதி அடைவதை வங்கியில் பணிபுரிவோர் நாள்தோறும் காண்கின்றனர். ஓட்டத்திற்கும் அக்கணக்கே பொருந்தும்.

குலுக்கல் சீட்டில் பிறந்த குளம்

கொல்கத்தாவின் மையப் பகுதியில், வடக்குத் தெற்காகச் செல்வது காலேஜ் ஸ்ட்ரீட். பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்ற தெரு. வங்காளிகள் அப்பகுதியைப் 'போய் பாடா', அதாவது புத்தகப் பேட்டை என்று அழைக்கின்றனர். அத்தெருவின் கிழக்கே அமைந்திருப்பது காலேஜ் ஸ்கொயர் என்னும் சதுக்கம். அதன் நடுவில் உள்ள குளத்திற்குக் 'கோல்தீகி' என்று பெயர். கரையைச் சுற்றி நடைபாதை உண்டு. சதுக்கம் இன்று வித்யாசாகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இச்சதுக்கம் உருவான வரலாறு வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சுவையாக இருக்கும். நாட்டின் மிகப் பழைய வங்கிகளுள் ஒன்றான பேங்க் ஆஃப் கல்கத்தா 1806ஆம் ஆண்டிலேயே இந்நகரில் தொடங்கப்பட்டுவிட்டது. ஆயினும், நகரத்தின் தெருக்களை அமைப்பதற்கான பணம் வேறொரு வழியில் திரட்டப்பட்டது. 1817ஆம் ஆண்டில் லாட்டரிக் குழு என்ற ஒன்று நியமிக்கப்பட்டது. பொதுமக்களிடம் குலுக்கல் சீட்டுகளை விற்றுக் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு சாலைகள் போடப்பட்டன, சதுக்கங்கள் அமைக்கப்பட்டன, குளங்கள் வெட்டப்பட்டன. வெல்லிங்டன், காலேஜ், கார்ன்வாலிஸ் ஆகிய தெருக்களும் அவற்றையொட்டிய சதுக்கங்களும் அந்தப் பணத்தில் உருவானவை. சீட்டு வாங்கியவர்களுள் பரிசு பெற்றோர் சிலராகவே இருந்திருப்பர். ஆனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தக் கரையில் நடக்க வரும் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் பரிசு விழுந்துகொண்டிருக்கிறது.

விடியற்காலையில் அங்கே சென்றால், புத்தகக் கடைகளின் பலகைக் கதவுகள் மூடியிருக்கும். பகலில் கால் வைக்க இடமில்லாத நடைபாதை அப்போது காலியாக இருக்கும். குளத்தில் நீச்சல் சங்கங்களைச் சேர்ந்த சிறுவர்கள் பயிற்சி பெறுவர். கரையில் முதியவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசியபடி நடப்பர். அவர்களைக் கடக்கும்போது "தாதா" என்று மெல்ல அழைத்தால் ஒதுங்கி வழிவிடுவர். அங்கே அச்சொல்லுக்கு அண்ணன் என்பது பொருள். நம் திரைப்படங்கள் கற்பித்த பொருளன்று. பெண்களாயின் "தீதி", அதாவது அக்கா. இவ்விரு சொற்களும் தெரிந்தால் அந்தக் கரையில் எவரும் அயலார் இல்லை.

சுற்றுக்கு ஒரு வரலாறு

வண்ணம் பூசிய அம்புக்குறிகளோ கிலோமீட்டர் பலகைகளோ இல்லாமலேயே இப்பாதை குறியிடப்பட்டிருக்கிறது. நினைவுச் சின்னங்களும் கல்விக்கூடங்களுமே அதன் மைல்கற்கள்.

முதலாவது, டேவிட் ஹேரின் கல்லறை. ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து 1800ஆம் ஆண்டில் கொல்கத்தா வந்த கடிகார வணிகர் அவர். ஈட்டிய பொருளுடன் தாயகம் திரும்பாமல், கடையை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, வங்கச் சிறுவர்களின் கல்விக்காகத் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1817இல் இந்துக் கல்லூரி தொடங்கப்படுவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1842ஆம் ஆண்டு வாந்திபேதியால் அவர் இறந்தபோது, சமயப் பற்றில்லாதவர் என்று கூறிக் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டது. அதனால் இக்குளக்கரையில், தாம் வளர்த்த கல்விக்கூடங்களின் எதிரிலேயே, அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாவது, ஈசுவர சந்திர வித்யாசாகரின் சிலை. கைம்பெண் மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கிய 1856ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக ஓயாது போராடியவர். சதுக்கத்தை அடுத்துள்ள சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்று, 1851இல் அதன் முதல்வராகவும் உயர்ந்தவர். அவரைப் பற்றி வங்கத்தில் வழங்கும் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. எட்டு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் பீர்சிங்க கிராமத்திலிருந்து கல்கத்தாவிற்கு நடந்தே வந்தபோது, சாலையோர மைல்கற்களில் பொறிக்கப்பட்டிருந்த ஆங்கில எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, ஊர் சேர்வதற்குள் எண்களனைத்தையும் கற்றுக்கொண்டாராம். நடந்த தூரத்தை எண்ணியவாறே ஒருவர் கல்வி பெற்றிருக்கிறார். சுற்றுகளை எண்ணியபடி ஓடுபவர்க்கு அவரைவிடப் பொருத்தமான துணை கிடைப்பது அரிது.

மூன்றாவது, தெருவின் மறுபுறத்தில் உள்ள கல்கத்தாப் பல்கலைக்கழகம். 1857ஆம் ஆண்டு ஜனவரி 24 அன்று நிறுவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இது மூத்த உடன்பிறப்பு. ஆனால் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையின் செனட் இல்லம் சேப்பாக்கத்தில் கடலை நோக்கி இன்றும் நிற்கிறது. உயர்ந்த தூண்களுடன் குளத்தைப் பார்த்தபடி நின்ற கல்கத்தாவின் செனட் இல்லமோ 1960இல் இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் நூற்றாண்டுக் கட்டடம் எழுந்தது. படங்களில் மட்டுமே காணக்கூடிய அந்த மாளிகையை எண்ணிப் பார்க்கும்போது, கையில் இருப்பதைக் காப்பது எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

பல்கலைக்கழகத்திற்கு வடக்கே ஹேர் பள்ளியும் பிரசிடென்சியும் உள்ளன. 1817இல் இந்துக் கல்லூரியாகப் பிறந்து, 1855இல் பிரசிடென்சி கல்லூரியாகி, 2010இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது பிரசிடென்சி. ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா, பின்னாளில் அமர்த்தியா சென் ஆகியோர் அங்கே மாணவர்கள். தெற்கே இருப்பது 1835 ஜனவரியில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி. சில நாள்களே இளையது நம் சென்னை மருத்துவக் கல்லூரி. குளத்தின் கிழக்குப் பக்கத்தில், இலங்கையைச் சேர்ந்த அநகாரிக தர்மபாலர் நிறுவிய மகாபோதி சங்கத்தின் தர்மராஜிக விகாரை 1920 முதல் நிற்கிறது. கொழும்பில் பிறந்தவர் நிறுவிய சங்கத்திற்கும் இக்குளக்கரையில் இடம் கிடைத்திருக்கிறது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றியே எண்ணியபடி ஓடிப் பாருங்கள். ஐந்தாவது சுற்று முடியும்போது இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்திருப்பீர்கள். மூச்சிரைப்பும் பெரிதாகத் தோன்றாது.

கணக்கு அதிகாரி ஒருவரின் காலை நேரம்

இப்பகுதியில் தமிழர்களாகிய நாம் நின்று வணங்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. குளக்கரையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தே சென்றடையக்கூடிய பௌபஜார் தெருவில், 210 என்னும் எண்ணுள்ள முகவரி. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அங்குதான் முன்னர் இயங்கியது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், 1907ஆம் ஆண்டு இந்திய நிதித் துறையில் உதவிக் கணக்காயராகக் கல்கத்தாவில் பணியேற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் டிராம் வண்டியிலிருந்து அக்கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு, இறங்கிச் சென்று கதவைத் தட்டினார் என்பர். அன்று தொடங்கி, அலுவலக நேரத்திற்கு முன்னர் காலையிலும், அலுவலகம் முடிந்த பின்னர் இரவு வரையிலும் அங்கே ஆய்வு செய்தார். பகல் முழுவதும் கணக்கு. காலையும் இரவும் இயற்பியல். இடையில் 1909இல் ரங்கூனுக்கும், அடுத்த ஆண்டு நாகபுரிக்கும் இடமாற்றம் வந்தது. 1911இல் மீண்டும் கல்கத்தா. பெட்டி கட்டுவதும் வீடு மாற்றுவதுமான அந்த வாழ்க்கை வங்கி ஊழியர்களுக்கு நன்கு பழக்கமானதே.

பத்து ஆண்டுகள் அவ்வாறு கழிந்த பின்னரே, 1917இல், துணைவேந்தராக இருந்த காலத்திலிருந்தே அவரது திறமையை அறிந்திருந்த ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, சம்பளம் குறையும் என்று தெரிந்தும், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்ட ஒளிச்சிதறல் விளைவு, 1930இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அந்த ஆய்வில் துணை நின்ற கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே. அக்கழகம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது. பழைய முகவரியில் இன்று இயங்குவது கோயங்கா வணிகவியல் கல்லூரி. வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்க்கும் என் போன்றோருக்கு, அந்த வாயிலில் நிற்கும்போது ஏற்படும் உணர்வைச் சொல்லால் விளக்குவது கடினம்.

ராமனின் மேதைமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் கையாண்ட முதலீடு எல்லோரிடமும் உள்ளது. அலுவலகத்திற்கு முந்திய ஒரு மணி நேரம் அது. அந்நேரத்தை எவரும் நமக்குத் தருவதில்லை. நாம் விட்டுக்கொடுக்காதவரை எவராலும் எடுத்துக்கொள்ளவும் முடிவதில்லை.

எத்தனை சுற்று? எவ்வளவு தூரம்?

பயணத்தில் ஓடுபவர் தூரத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமா என்று சிலர் கேட்பர். கணக்கு இல்லாத சேமிப்பு எவ்வாறு நிலைக்காதோ அவ்வாறே கணக்கில்லாத பயிற்சியும் நிலைப்பதில்லை என்பதே என் கருத்து. கைப்பேசிச் செயலிகள் உதவும். ஆயினும் உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த இடத்தில் அவை காட்டும் எண்ணைச் சற்று ஐயத்துடனேயே பார்க்க வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு.

உங்கள் ஊரில் உள்ள 400 மீட்டர் ஓடுதளத்தில் உள்வரிசையில் ஒரு சுற்று ஓடி, காலடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 500 அடிகள் என்றால், ஓர் அடியின் நீளம் 0.8 மீட்டர். அதே வேகத்தில் புதிய ஊரின் சுற்றுப்பாதையில் ஒரு முறை ஓடி எண்ணும்போது 600 அடிகள் வந்தால், அச்சுற்று 480 மீட்டர். பத்துச் சுற்றுகள் 4.8 கிலோமீட்டர். வாழ்நாள் முழுவதும் உடன்வரும் அளவுகோல் உங்கள் காலடியிலேயே இருக்கிறது.

ஒரு நுட்பத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். சதுர வடிவப் பாதையில், எல்லாப் பக்கங்களிலும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒரு சுற்றுக்கு 8 மீட்டர் கூடும். பத்துச் சுற்றுக்கு 80 மீட்டர். ஆகவே குளத்து வேலியிலிருந்து ஏறத்தாழ ஒரே இடைவெளியில் ஓடினால்தான் இன்றைய கணக்கையும் நாளைய கணக்கையும் ஒப்பிட முடியும். விளையாட்டரங்கின் ஓடுதளத்தில்கூட, முதல் வரிசையின் 400 மீட்டர் என்பது உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியே அளக்கப்படுகிறது.

தேவையான அளவு எவ்வளவு? வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் 150 நிமிடங்கள் நிறைந்துவிடும். இதில் மூன்று நாள் பயணத்தில் போய்விட்டால், எஞ்சிய நாள்களால் அதை ஈடுகட்டுவது எளிதன்று. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்பதை 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிவோரும், பணி நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்வோரும் அவ்வெண்ணை வெறும் புள்ளிவிவரமாகக் கருதிக் கடந்துவிடலாகாது.

நீண்ட தூரம் விரும்புவோர்க்கு

சிறிய சுற்றில் பலமுறை வருவது சலிப்பூட்டும் என்போர் தெற்குக் கொல்கத்தாவில் உள்ள ரவீந்திர சரோவருக்குச் செல்லலாம். தாக்குரியா ஏரி என்பது அதன் பழைய பெயர். புதர் மண்டிய சதுப்பு நிலமாக இருந்த சுமார் 192 ஏக்கர் நிலத்தைக் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் கையகப்படுத்தி, அதன் நடுவே ஏரியை வெட்டியது. வெட்டியெடுத்த மண்ணைக் கொண்டு அருகிலிருந்த தாழ்ந்த நிலங்கள் மேடாக்கப்பட்டன. நீர்ப்பரப்பு மட்டும் சுமார் 73 ஏக்கர். 1958இல் கவிஞர் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. மரநிழல், படகுப் போட்டிக் கழகங்கள், தீவுக்குச் செல்லும் தொங்குபாலம், 1935இல் ஜப்பானியத் துறவி நிச்சிதத்சு பூஜி அமைத்த புத்தர் கோயில் என இப்பாதைக்கும் தனக்கே உரிய மைல்கற்கள் உண்டு.

அங்கே ஓடி முடிப்பவர்க்கு மற்றொரு நன்மையும் காத்திருக்கிறது. அருகில் உள்ள லேக் மார்க்கெட், தென்னிந்தியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடைகளைக் காணலாம். சூடான இட்லியும் வடிகட்டிக் காப்பியும் கிடைக்கும். இரண்டு நாள் கடுகெண்ணெய்ச் சமையலுக்குப் பின் அந்தக் காப்பியின் மணம் நாசியை எட்டும்போது, ஓடிவந்த களைப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

டிசம்பர் மாதத்தில் செல்வோர், மைதான் பகுதியில் 2014 முதல் நடத்தப்பட்டுவரும் 25 கிலோமீட்டர் ஓட்டப்போட்டியையும் காணலாம். உலகின் முன்னணி வீரர்களுடன் உள்ளூர் மக்களும் அதில் ஓடுகின்றனர்.

புறப்படும் முன்

கொல்கத்தாவில் கதிரவன் நம் ஊரைவிட முன்னதாகவே எழுந்துவிடுகிறான். நாட்டின் கிழக்குப் பகுதியில் இருந்தும், கடிகார நேரம் ஒன்றே என்பதே முதற்காரணம். வடக்கே அமைந்திருப்பதால் கோடையில் இவ்வேறுபாடு மேலும் கூடுகிறது. ஜூன் மாதத்தில் சென்னையைக் காட்டிலும் சுமார் 50 நிமிடம் முன்னதாக, ஐந்து மணிக்குள் அங்கே பொழுது விடிந்துவிடும். சென்னையில் ஆறு மணிக்கு எழுபவர் அங்கே ஐந்து மணிக்கே எழுந்து புறப்படலாம். இல்லையேல் வெயிலும் புழுக்கமும் முந்திக்கொள்ளும். அந்நேரத்தில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியிராது. ஆகவே காலேஜ் ஸ்கொயரில் ஓட விரும்புவோர் சியால்தா, மகாத்மா காந்தி சாலைப் பகுதிகளில் தங்குவதும், ஏரியை விரும்புவோர் லேக் மார்க்கெட்டை ஒட்டித் தங்குவதும் நலம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை தட்பவெப்பம் இதமாக இருக்கும். ஆனால் பனிமூட்டத்துடன் புகையும் சேர்ந்து காற்று கனத்திருக்கும் நாள்களில் ஓட்டத்தை விடுத்து மெதுவாக நடப்பதே அறிவுடைமை. துர்கா பூஜையின்போது காலேஜ் ஸ்கொயர் குளத்தைச் சுற்றி எழும் பந்தலும் நீரில் மிதக்கும் விளக்கொளியும் நகரெங்கும் புகழ்பெற்றவை. அந்நாள்களில் அங்கே கண்டு களிக்கலாம், ஓட முடியாது.

இரவு முழுவதும் இரயிலில் பயணம் செய்தவர் முதல் நாள் நடையுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் ஒரு சுற்று நடை, ஒரு சுற்று மெல்லோட்டம் என மாற்றி மாற்றிச் செல்லலாம். ஓடும்போது அருகில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருப்பது கட்டாயம். மார்புவலி, மயக்கம், மிகை இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்காமல் ஓடலாகாது. விடுதியின் பெயரும் முகவரியும் எழுதிய ஒரு சீட்டு, அடையாள அட்டையின் நகல், சிறிதளவு பணம் ஆகிய மூன்றும் உடன் இருந்தால் போதும். ஓட்டம் முடிந்ததும் மண் குவளையில் தரப்படும் தேநீருக்கு அந்தச் சிறு பணம் பயன்படும்.

காலி இடம் என்னும் வைப்புநிதி

எந்த ஊருக்குச் சென்றாலும் இத்தகைய ஒரு சுற்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட முடியும். மதுரைக்குச் செல்வோர்க்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் உண்டு. வேறு ஊர்களில் கோயில் மாடவீதிகளோ, கல்லூரி விளையாட்டுத் திடலோ, ஏரிக்கரையோ இருக்கும். விடுதி வரவேற்பாளரிடம், "இங்கே பெரியவர்கள் காலையில் எங்கே நடப்பார்கள்?" என்று கேட்டால் போதும். முதியவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பெரும்பாலும் பாதுகாப்பானதாகவும் சமதளமாகவும் இருக்கும்.

ஆனால் அந்த இடங்கள் தாமாக எஞ்சி நிற்பவை அல்ல. காலேஜ் ஸ்ட்ரீட் பகுதியில் ஒரு சதுர அடி நிலத்தின் மதிப்பு என்னவென்று அங்குள்ள புத்தகக் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பெட்டியளவு இடத்தில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் வணிகம் நடத்துகிறார். அத்தகைய இடத்தில் ஒரு முழுக் குளமும் அதன் கரையும் கட்டடமாக மாறாமல் இரண்டு நூற்றாண்டுகள் நிலைத்திருக்கின்றன. எதிரில் நின்ற செனட் இல்லத்திற்குக்கூட அந்தப் பேறு வாய்க்கவில்லை. நகரத்தார் ஒருபோதும் உடைத்து எடுக்காத வைப்புநிதி என்றே அக்குளத்தைச் சொல்ல வேண்டும். அசல் அப்படியே இருக்கிறது. வட்டியை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் காலைதோறும் பெற்றுக்கொள்கிறது. நம் ஊர்களில் தூர்ந்துகொண்டிருக்கும் குளங்களையும், வேலியிடப்பட்டு ஒவ்வொரு மூலையாகச் சுருங்கிவரும் திடல்களையும் காணும்போது, அசலிலேயே கைவைத்துக்கொண்டிருக்கிறோமோ என்னும் கவலை எழாமல் இல்லை.

அடுத்த முறை பயணத்திற்குப் பெட்டி கட்டும்போது, சட்டைகளுக்கு இடையில் ஓட்டக் காலணிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். சென்று சேரும் ஊரில் சுற்றுவதற்கு ஏதேனும் ஒரு குளக்கரை இருக்கும். ஊர் திரும்பியதும், உங்கள் தெருவுக்கு அருகில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறதா என்பதையும் ஒரு முறை சென்று பார்த்துவிடுங்கள்.